பேய் வீட்டில் கத்தினால் யாரும் வரமாட்டார்கள்

பேய் வீடு, முனி உறையும் மரம், மோகினி நிற்கும் கிணறு என்று பெயர் எடுத்த இடங்களைத் தேடிப் போகும் பழக்கம் இப்போது யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கும் வந்துவிட்டது. போனில் பிடித்து, திகிலான இசை ஒன்றைப் போட்டு ஏற்றிவிட்டால் கல்யாண வீடியோவை விடப் பல மடங்கு பேர் பார்க்கிறார்கள். நான் கல்யாண வீட்டுக் கமராக்காரன். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் போனேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் பாழடைந்த மாடி வீடு ஒன்றில், உடைந்த கணுக்காலோடு ஒரு இரவு முழுவதும் நிலத்தில் கிடந்தேன். பேய் வரவில்லை. அதைவிட மோசம், ஆளும் வரவில்லை. போவதற்கு முன் யாராவது எனக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நல்லாக இருந்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஆடி மாதத்தில் எங்கள் தொழிலுக்கு வேலை இல்லை. கல்யாணம் இல்லை, புது வீடு குடிபூரல் இல்லை. ஆவணி பிறக்கும்வரை கமராவைத் துடைத்து வைப்பதுதான் வேலை. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்துப் பேய்க் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, அதனதன் கதையையும் சொல்லித் தொடராகப் போடலாம் என்று இறங்கினேன். எல்லோரையும் போலக் கோட்டையில்தான் தொடக்கம். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கி, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை. உள்ளே 1706இல் ஒல்லாந்தர் எழுப்பிய தேவாலயம் இருந்தது. 1990 போர்க்கால முற்றுகைக்குப் பிறகு அதில் மிஞ்சியது கற்குவியல்தான். சிறையும் உள்ளேதான் இருந்தது. இத்தனையும் நடந்த இடத்தில் பேய்க்கதை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். வெளியே முனியப்பர் இருக்கிறார். அந்தப் பக்கத்தால் போகும்போதெல்லாம் அப்பா மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்து ஒரு கையால் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். கோட்டையில் காவலுக்கு நின்ற ஒருவரிடம், பொழுது பட்ட பிறகு ஏதாவது தெரிவதுண்டா என்று கேட்டேன். "காதலர்தான் தெரிவினம்" என்றார்.

அடுத்தது நல்லூர் மந்திரிமனை. யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன் சங்கிலியின் மந்திரி வாழ்ந்த மாளிகை, அடியில் சுரங்கம் இருக்கிறது, அது யமுனா ஏரிவரை போகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. எங்கள் வகுப்பில் ஒருத்தன் குதிரைக் குளம்புச் சத்தம்கூடக் கேட்டிருக்கிறான். சங்கிலி 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டு போகப்பட்டு, 1623இல் கொல்லப்பட்டார். இப்போது நிற்கும் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. இடையில் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் அந்தக் குதிரை எங்கே நின்றது என்று அவனைக் கேட்கவேண்டும். மரவேலைப்பாடு பார்க்க அழகு. ஆனால் கட்டடம் நன்றாகத் தளர்ந்துவிட்டது; வெளியில் நின்று படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடம், உள்ளே ஏறிச் சுவரைச் சுரண்டினால் வழக்கு வரும்.

இந்த இடங்களில் எடுத்தது எல்லாம் சப்பென்று இருந்தது. பகல் வெளிச்சம், சுற்றுலாக்காரர், ஐஸ்கிறீம் வான். பார்க்கிறவர்கள் கேட்பது வீடு. அந்த வீடுகளுக்கோ எங்களிடம் பஞ்சமே இல்லை. போரால் 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் வெளியேறியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. பிறகு திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். வராதவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். வீடு மட்டும் இங்கே நிற்கிறது. ஓடு போய், கதவு போய், விறாந்தையில் ஆலங்கன்று முளைத்த வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை. அப்படி ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஊர் எது என்று எழுதவில்லை. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார்.

வீடு தேடும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட பகுதிகளிலோ, முகமாலைப் பக்கமோ ஆள் நடமாட்டம் இல்லாத வளவுக்குள் கால் வைக்காதீர்கள். கண்ணிவெடி இருப்பதாக எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதை வைத்து வெடி இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. பக்கத்துக் காணியில் தோட்டம் செய்கிறார்களா, மாடு கட்டுகிறார்களா என்று பாருங்கள். மாடு கட்டாத இடத்தில் நமக்கு என்ன வேலை?

நான் போன வீடு நல்ல சனப்புழக்கம் உள்ள ஊரில்தான். ஒழுங்கை முகப்பில் ஒரு ஆச்சி பெட்டிக்கடை வைத்திருந்தார். சோடா வாங்கிக் குடித்தபடி கதை கேட்டேன். "மேல இரவில ஆரோ நடக்கிற சத்தம் கேக்கும் தம்பி. கலியாணத்துக்கு முதல்நாள் செத்த பெட்டை. ஏறிப் போறவனைத் தள்ளிவிட்டிடும். போகாத ராசா" என்றார். உண்மையில் யாராவது விழுந்ததுண்டா என்று கேட்டேன். ஒருத்தனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், தொடருக்கு நல்ல கதை கிடைத்துவிட்டது என்று.

கட்டிலில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு கிடந்தபோது அந்த வார்த்தைகளை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அதில் இருந்தன. மேலே ஏதோ மிருகம் உலாவுகிறது. மேல்தளம் ஆளைத் தாங்காது. ஏற்கெனவே ஒருவன் விழுந்திருக்கிறான். ஆச்சி பொய் சொல்லவில்லை, ஊர் சொல்லும் விதத்தில் சொன்னார். ஆகவே இப்படியான இடங்களுக்குப் போகிறவர்கள் கதையில் அந்தப் பேய் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். பெண்ணா ஆணா, வெள்ளைச் சேலையா சிவப்புச் சேலையா என்பதெல்லாம் வீடியோவுக்கு. கிணற்றுக்குள் இழுக்கும் என்றால் கட்டு இடிந்த கிணறு ஒன்று பற்றைக்குள் இருக்கிறது. கொள்ளிவாய்ப் பேய் வழிகாட்டிக் கூட்டிப்போகும் என்றால் அங்கே காலை விட்டால் எடுக்க முடியாத சேறு இருக்கிறது. தள்ளிவிடும் என்றால் என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் போன் பண்ணி, பின்னேரம் கொஞ்ச நேரம் படம் எடுக்கலாம் என்று அனுமதி வாங்கினேன். அவர் டவுனில் இருந்தார். திறப்பு வேண்டாம், முன்பக்கம் கதவே இல்லை, ஒரு அறை மட்டும் பூட்டியிருக்கும் என்றார். மோட்டார் சைக்கிளை யாரும் கொண்டுபோகாமல் வளவுக்குள் தள்ளி, வேலிக்கு மறைவாக விட்டேன். வெளியே ஒழுங்கையில் விட்டிருந்தால் இரவு யாராவது கண்டு விசாரித்திருப்பார்கள். அம்மாவுக்குச் சொன்னால் விடமாட்டார் என்று வீட்டில் ஒரு வேலை விஷயமாகப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

மாடிப்படி சீமெந்து, உறுதியாக இருந்தது. மேல்தளம் பழைய முறையில் பனை மரத்தை வரிசையாகக் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்து, சுண்ணாம்புச் சாந்து பரவியது. வைரம் பாய்ந்த பனை லேசில் உளுக்காது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கீழே நின்று கத்திப் பிடியால் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. ஏறினேன். பிறகு ஒரு மேசன் விளக்கினார்: இப்படியான தளத்தில் மரத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. கூரையில் ஓடு போனால் மழைத்தண்ணீர் சுவர் வழியாக இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் மரத்தின் நுனி ஈரத்தில் ஊறி, கறையான் ஏறி அங்கேதான் முதலில் உக்கும். வெளியில் தெரியும் மரம் நல்லாகவே இருக்கும். பார்க்க வேண்டியது மரம் சுவருக்குள் நுழையும் இடத்தை: சுவரில் பச்சைப் பாசி, மண்ணால் ஓடிய கறையான் கோடு, மரத்தைச் சுற்றிச் சாந்து உதிர்ந்த இடைவெளி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தளத்தில் ஏறக்கூடாது. அவர் ஒரே வரியில் முடித்தார்: "கூரை இல்லாத வீட்டில மேல்மாடியும் இல்லை எண்டு நினைச்சுக்கொள்ளும்."

போனை முக்காலியில் பொருத்தி, என்னையே பிடிக்கும்படி ஓடவிட்டேன். கையில் கமரா. சூரியன் இறங்கும் வெளிச்சம் சன்னலால் வந்துகொண்டிருந்தது. அந்த நிறம் கிடைக்க இரண்டடி பின்னுக்குப் போனேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. காலுக்குக் கீழே இருந்தது இல்லாமல் போனது, அவ்வளவுதான். கீழே விழுந்தபோது கமரா முதலில் பட்டது, பிறகு இடது கால். தூசி அடங்கிப் பார்த்தால் நான் கிடப்பது அந்தப் பூட்டிய அறைக்குள். பழைய ஓடுகளை அடுக்கி வைப்பதற்காக அந்த ஆள் பூட்டி வைத்த அறை. வெளியே பெரிய பூட்டு, சன்னலுக்கு இரும்புக் கம்பி. எழும்ப முயன்றேன். கால் கேட்கவில்லை. பாதம் போகக்கூடாத பக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

போன் மேலேயே நின்றது. முக்காலி மிஞ்சிய தளத்தின் ஓரத்தில், விழாமல். பொழுது பட்டதும் அம்மா எடுக்கத் தொடங்கினார். இங்கே ஒன்று சொல்லவேண்டும்: தொழில் காரணமாக என் போனின் அழைப்பு மணி கெட்டிமேளம். கலியாணத்துக்கு முதல்நாள் செத்த பெட்டையின் வீட்டிலிருந்து, இருட்டில், திரும்பத் திரும்பக் கெட்டிமேளம் கேட்டால் அந்த ஊர் என்ன நினைக்கும்? சைக்கிளில் போன ஒருவர் நின்றதைச் சன்னலால் கண்டேன். "அண்ணை, அண்ணை, இங்க வாங்கோ" என்று கத்தினேன். அவர் எழும்பி நின்று மிதித்துக்கொண்டு பறந்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் இரண்டு பெடியள் நின்றார்கள். ரோச் வெளிச்சம் சுவரில் பட்டது. "காப்பாத்துங்கோ" என்றேன். வெளிச்சம் அணைந்தது, மோட்டார் சைக்கிள் இழுத்துக்கொண்டு போன சத்தம் மட்டும் கேட்டது. வேலிக்கு அப்பால் ஒரு அம்மா "வைரவா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஆச்சி கடையைப் பூட்டிவிட்டு எப்போதோ போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் போனின் பற்றரியும் இறங்கியது.

அன்றிரவின் பயத்தை எப்படிச் சொல்வது? முதலில் பாம்புப் பயம். ஓட்டுக்குவியல் புடையனுக்கும் சுருட்டைக்கும் பிடித்த இடம். கடித்தால் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இலவசம், கத்தியால் வெட்டக்கூடாது, கட்டக்கூடாது, கடித்த இடத்தை அசைக்காமல் உடனே போகவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உடனே எங்கே போவது? பிறகு தாகம். சாமம் ஆக ஆக வேறு பயம். ஆடி மாதச் சோளகக் காற்றில் காவோலை உரசும் சத்தம் சேலை உரசுவதாகவே கேட்டது. தலைக்கு மேலே, மிஞ்சிய தளத்தில், ஆள் நடப்பதைப் போலவே நிதானமாக அடி வைத்து ஏதோ போய் வந்தது. அதற்குப் பிறகு ஒரு அலறல். நான் பேயை நம்பாதவன் என்று சொல்லிக்கொள்பவன். அந்த நேரத்தில் நம்பினேன், முழுதாக நம்பினேன். தெரிந்த தேவாரத்தையெல்லாம் சொன்னேன், தெரியாத இடங்களில் மெட்டை மட்டும் இழுத்தேன். அழுதேன். அந்தச் சத்தங்களும் வெளியே யாராவது கேட்டிருந்தால் கதையில் சேர்ந்திருக்கும்.

விடியப் போகும் நேரம் பக்கத்து வளவுப் பனையில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. கள்ளுச் சீவ வந்தவர். மறுபடியும் கத்தினேன். ஏறுவது நின்றது. "ஆரடா அது?" என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. இந்த முறை காப்பாற்றுங்கள் என்று கத்தவில்லை. என் பெயர், அப்பாவின் பெயர், ஊர் கோண்டாவில், எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் மௌனம். "டிப்போவடியோ?" "ஓம் ஐயா, டிப்போவுக்குப் பின் ஒழுங்கை." "அப்ப ஏன் தம்பி இதுக்குள்ள கிடக்கிறீர்?" என்றபடி இறங்கி வந்தார்.

ஆகவே இதை மறக்காதீர்கள். பேய் வீட்டுக்குள்ளிருந்து "ஐயோ", "வாங்கோ", "காப்பாத்துங்கோ" என்று எது கத்தினாலும் அது பேய் கத்துவதாகத்தான் கேட்கும். பேர், தகப்பன் பெயர், ஊர், வந்த காரணம் என்று விலாசமாகக் கத்துங்கள். விசில் அடிக்கவும் வேண்டாம், இரவில் விசில் கேட்டால் எங்கள் சனம் பாம்பு வரும் என்று கதவைச் சாத்தும். உள்ளே போவதற்கு முன் மிக அருகில் உள்ள வீட்டுப் படலையைத் தட்டி, நான் உள்ளே போகிறேன், இத்தனை மணிக்கு வந்து சொல்லிவிட்டுப் போவேன், வராவிட்டால் இந்த நம்பருக்கு எடுங்கள் என்று சொல்லுங்கள். கடையில் சொன்னால் போதாது, கடை பூட்டிவிடும். போன் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். படம் எடுக்க வேறு கருவி இல்லையென்றால் தன்னைத் தானே எடுக்கும் ஆசையை விட்டுவிடலாம். இரண்டாவது ஆள் கட்டாயம். அவர் கட்டடத்துக்கு வெளியே நிற்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே தளத்தில் ஏறினால் இரண்டு பேரும் கீழேதான்.

அந்த ஐயா ஊருக்குள் போய் நாலு பேரையும் ஒரு அலவாங்கையும் கொண்டுவந்து கதவை நெம்பினார். ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்தார். அந்த அம்புலன்ஸ் இலவசம், நம்பரை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். அம்புலன்ஸ் வருவதற்கு முன் ஊர் கூடிவிட்டது, ஊரோடு பொலிசும் வந்தது. இனிமேல்தான் நான் எதிர்பாராத கட்டம். பாழ் வீடு, இரவு, வெளியூர்க்காரன், கத்தி, ரோச், உடைந்த கதவு, பக்கத்தில் அலவாங்கு. புதையல் தோண்ட வந்தவன் என்று ஒருவர் சொல்ல, அதுவே வழக்காகிவிட்டது. எங்கள் நாட்டில் புதையல் தோண்டுவது பெரிய குற்றம், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அலவாங்கு என்னை எடுக்கக் கொண்டுவந்தது என்று விளங்கப்படுத்த ஐயாவும் நாலு பேரும் வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தது. வீட்டைப் பார்க்கும் ஆள், தான் அனுமதியே கொடுக்கவில்லை என்றார். என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. நல்லவேளை, போனில் அழைப்பு விவரம் இருந்தது. கமராவின் மெமரி கார்ட் நெடுநாள் அவர்களிடமே கிடந்தது, அதற்குள் ஆனி மாதத்துக் கல்யாணம் ஒன்றின் படங்களும் இருந்தன. அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன சமாதானங்களை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது. கார்டை வெறுமையாக்கிக்கொண்டு போங்கள். அனுமதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அலவாங்கு, மண்வெட்டி, பூசைச் சாமான் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது. பேய்க்குப் படைப்பது மாதிரிக் காட்சி எடுக்கத் தேங்காயும் எலுமிச்சங்காயும் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதையலுக்குப் பலி கொடுக்க வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஆணி அடித்தார்கள், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் அதற்குக் காசு இல்லை. போன காசு வேறு இடங்களில். ஆவணி முழுவதும் ஊன்றுகோல், ஒப்புக்கொண்ட கல்யாணங்களின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் இரண்டு லட்சத்துக்கு மேல். லென்ஸ் முற்றாகப் போனது. கமராவைக் கொழும்புக்கு அனுப்பித் திருத்த 95,000. உடைந்த கதவுக்கும் பூட்டுக்கும் நான்தான் கொடுத்தேன். ஒப்புக்கொண்ட வேலைகளைச் செய்து கொடுத்த நண்பன் இப்போது அந்தக் குடும்பங்களின் நிரந்தரக் கமராக்காரன், அந்த நட்டத்துக்குக் கணக்கில்லை. தொழில் கமராவை இப்படியான இடங்களுக்குக் கொண்டு போகவே வேண்டாம்.

அம்மா ஒரு செலவு செய்தார். பிள்ளை பயந்திருக்கிறான், பார்வை பார்க்கவேணும் என்று ஒருவரைக் கூட்டிவந்தார். திருநீறு போட்டு, தண்ணீர் ஓதித் தெளித்து, கையில் நூல் கட்டினார். 12,000 ரூபாய். எனக்கு எரிச்சல்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால், விழுந்ததற்குப் பிறகு நான் லைட்டை அணைத்து நித்திரை கொண்டது அன்றுதான். முறிவு நெரிவுப் பரியாரியிடம் போகலாம் என்று மாமா நின்றார், அதற்கு மட்டும் நான் விடவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் யாரையும் காலைத் திருகவிடாதீர்கள்.

என்னைத் தூக்கிய ஐயாவைப் பார்க்க, நடக்க முடிந்ததும் போனேன். மேலே நடந்தது மரநாய் என்றார். "என்ர முட்டியில கள்ளுக் குடிச்சிட்டு அங்கதான் வந்து படுக்கும்." அலறியது கூகை. முந்தி விழுந்தவன் ஓடு கழற்ற வந்த கள்ளன். இதெல்லாம் தெரிந்தவர் ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆர் கேட்டது என்றார்.

வீட்டுக்காரர் கனடாவிலிருந்து எடுத்தார். ஏசத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய பயம் வேறு. பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் தனிச்சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், இருந்தாலும் வெளியில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் போகவில்லை. வளவுக்குள் யார் கால் வைத்தாலும் காணி பிடிக்க வந்ததாகத்தான் அவர்களுக்குத் தோன்றுகிறது. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் இளகினார். அந்தப் பெண் யார் என்று கேட்டேன். சிரித்தார். "அப்படி ஒருத்தரும் இல்லைத் தம்பி. அக்காமார் ரெண்டு பேரும் இங்க சுகமா இருக்கினம். கதவுகளைக் கழற்றிக்கொண்டு போகத் தொடங்கினவுடன அப்பாதான் இப்பிடி ஒரு கதையைப் பரப்பினவர். சம்பளம் இல்லாத காவல்காரி." அதற்குப் பிறகு மேல்மாடிச் சன்னல் நிலைகள் தப்பியிருக்கின்றன. நான் படம் பிடிக்க ஆசைப்பட்ட அதே நிலைகள்.

ஆச்சியின் கடையில் கதை இப்போது வளர்ந்திருக்கிறது. சாமத்தில் மேளம் கேட்கும், ஒரு ஆம்பிளைக் குரல் தேவாரம் பாடும் என்று என்னிடமே சொன்னார், என்னை அடையாளம் தெரியாமல். நான் திருத்தவில்லை. இன்னொரு பெடியன் மேலே ஏறாமல் இருப்பதற்கு அது உதவும். மிஞ்சிய தளத்தை இடித்துவிடச் சொல்லி வீட்டுக்காரர் ஆள் பிடித்திருக்கிறார். காசு அனுப்புவதாகவும் சொன்னார்.

போனில் பதிந்த வீடியோவைப் போடச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: அம்மாவின் முதல் அழைப்போடு பதிவு நின்றுவிட்டது, நான் விழுவதும் அதில் இருக்கிறது, போடப்போவதில்லை. தொல்லியல் இடங்களில் தொழில்முறையாகப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் திணைக்களத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி எடுங்கள், பதில் வர நாளாகும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தனியாக வேண்டும். இராணுவ முகாம் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் அனுமதி இருந்தாலும் முதலில் போய்ச் சொல்லிவிட்டே பறக்கவிடுங்கள்.